ஆறு அமர்வும் ஒரு விமான டிக்கெட்டும்: வளைகுடாவில் பக்கவாதம் கண்டவர்களின் மறுவாழ்வு

2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா ஆகிய அமீரகங்களிலும் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம் ஆகியிருக்கிறது. அபுதாபியிலும் துபாயிலும் முன்பே இருந்த விதி இப்போது ஏழு அமீரகங்களுக்கும் வந்துவிட்டது. வட அமீரகங்களுக்கான அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹத்தில் தொடங்குகிறது. அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. கையில் அட்டை இல்லாததால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், ரூமிலேயே மாத்திரை போட்டுச் சமாளித்துவந்த நம்மவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இந்த நிம்மதிக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைப் பக்கவாதம் போலப் பட்டவர்த்தனமாகக் காட்டும் நோய் வேறில்லை. மூளை இரத்தக்குழாயில் அடைப்போ கசிவோ ஏற்பட்ட ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கவும், ஸ்கேன் எடுக்கவும், உயிரைக் காப்பாற்றவும் இன்றைய வளைகுடாவில் வசதி இருக்கிறது. துபாய் ரஷீத் மருத்துவமனை, கிளீவ்லேண்ட் கிளினிக் அபுதாபி, தோஹாவின் ஹமத் பொது மருத்துவமனை போன்றவற்றில் உலகத் தரத்தில் பக்கவாதச் சிகிச்சை நடக்கிறது. உயிர் பிழைத்த பிறகு அந்த மனிதர் மறுபடி எழுந்து நிற்கவும், சட்டைப் பொத்தான் போடவும், மனைவியின் பெயரைச் சொல்லி அழைக்கவும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் இங்கே யாரிடமும் தெளிவான பதில் இல்லை. "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று டாக்டரும் கம்பெனியும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இளம் வயதில் விழும் அடி

பக்கவாதம் என்றால் ஊரில் எழுபது வயதுத் தாத்தாவுக்கு வருவது என்ற எண்ணம் நமக்கு உண்டு. வளைகுடாவின் படம் வேறு. கத்தாரில் ஹமத் மருத்துவ நிறுவனம் பராமரித்துவரும் பக்கவாதப் பதிவேட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தெற்காசிய ஆண்கள் அதில் அதிகம். கத்தார் குடிமக்களைவிடப் பல ஆண்டுகள் இளைய வயதிலேயே அவர்களுக்கு இந்த நோய் வருகிறது. இங்கு வசிப்போரில் உழைக்கும் வயது ஆண்கள் மிக அதிகம் என்பது ஒரு காரணம். கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தூக்கமின்மை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் ஆகியவை மற்ற காரணங்கள்.

நாற்பத்தைந்து வயதில் விழுபவருக்கு இன்னும் கல்யாணம் ஆகாத மகள் இருப்பாள், கட்டி முடிக்காத வீடு இருக்கும், நகைக்கடன் இருக்கும். அவர் படுக்கையில் விழும்போது குடும்பத்தின் வருமானமும் சேர்ந்து விழுகிறது. எனவே மறுவாழ்வுச் சிகிச்சை என்பது இங்கே முதியோர் நலன் சார்ந்த விஷயமாக இல்லை. ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் விஷயமாக இருக்கிறது.

மூன்று மணி நேரமும் ஆறு அமர்வும்

மூளையில் செத்துப்போன பகுதி மறுபடி முளைப்பதில்லை. அதன் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அந்தக் கல்வி நடக்கிறது. டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதை நூறு தடவை செய்ய வேண்டும். கை கால் அசைவு திரும்புவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் மட்டும் குறையும்.

பிரிட்டனில் 2023இல் வெளியான தேசிய வழிகாட்டுதல்கள், பயிற்சியைத் தாங்கும் நிலையில் உள்ள பக்கவாத நோயாளிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாள் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. பிசியோதெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். அங்கேயே எல்லா மருத்துவமனைகளாலும் இதை எட்ட முடிவதில்லை. ஆனாலும் இலக்கு எதுவென்று தெரிகிறது.

துபாயின் 2013ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த அடிப்படைத் திட்டத்தைப் பாருங்கள். குறைந்த சம்பளக்காரர்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 1,50,000 திர்ஹம் வரை செலவை ஏற்கும் இந்தத் திட்டத்தில் பிசியோதெரபிக்கு ஆண்டுக்கு 6 அமர்வுகள்தான். அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும், 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும். முதுகு வலிக்கு இது போதும். ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்தவருக்கு முதல் வாரமே தீர்ந்துவிடும்.

வசதியான மறுவாழ்வு மையங்கள் வளைகுடாவில் இல்லாமல் இல்லை. தோஹாவில் 193 படுக்கைகளுடன் கத்தார் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. ரியாத்தில் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் மனிதநேய நகரம் இருக்கிறது. அபுதாபியிலும் துபாயிலும் தனியார் மையங்கள் உண்டு. கம்பெனியின் உயர்நிலைக் காப்பீடு உள்ளவருக்கும் குடிமக்களுக்கும் அவற்றின் கதவு திறக்கும். ஜெபல் அலியிலோ முஸாஃபாவிலோ கேம்ப்பில் இருப்பவருக்கு அந்தக் கதவு எட்டாத தூரம்.

குடும்பத்தின் கையில் ஒப்படைத்தால் போதுமா?

தெரபிஸ்ட் குறைவு, பணம் குறைவு என்றால், குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வேலையை அவர்களிடம் விட்டுவிடலாமே என்ற யோசனை இயல்பாக வரும். நம் பண்பாட்டுக்கும் அது ஒத்துப்போகிறது. அப்பாவைக் கவனிக்க ஆள் வைப்பதைக்கூட நாம் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள். இந்த யோசனையை மருத்துவ உலகம் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த முடிவுகளை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

2004இல் லண்டனில் 300 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தூக்குவது, நடத்துவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது போன்றவற்றில் பராமரிப்பாளருக்கு நேரடிப் பயிற்சி தரப்பட்டது. நோயாளியின் ஊனம் குறையவில்லை. ஆனால் செலவு குறைந்தது. பராமரிப்பவரின் பாரமும் மனச்சோர்வும் குறைந்தன, இருவருடைய வாழ்க்கைத் தரமும் கூடியது. நம்பிக்கை தரும் முடிவு. அதையே பெரிய அளவில் பிரிட்டனின் 36 பக்கவாதப் பிரிவுகளில், 928 நோயாளி-பராமரிப்பாளர் ஜோடிகளிடம் செய்து பார்த்தபோது, 2013இல் வந்த முடிவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அடி விழுந்த உடனேயே, குடும்பம் கலங்கி நிற்கும் அந்த நாட்கள் பாடம் நடத்த ஏற்ற நேரம் இல்லையோ என்று ஆய்வாளர்களே கேட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு இந்தியாவில் நடந்தது. 'அட்டென்ட்' என்ற பெயரில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த அந்த ஆய்வு 2017இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையில் சில நாட்களும், வீடு திரும்பிய பிறகு இரண்டு மாதங்களும் பயிற்சியும் வழிகாட்டலும் கிடைத்தன. மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்பவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். வேறுபாடே இல்லை. மறுவாழ்வுப் பணியைக் குடும்பத்தின் மேல் மாற்றிவிடும் புதிய சேவைகளில் முதலீடு செய்ய இந்த முடிவு ஆதரவு தரவில்லை என்று ஆய்வாளர்கள் ஒளிவு மறைவின்றி எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் குடும்பம் எதற்கு?" என்று கேட்பது தவறான முடிவு. வேறு ஒரு தொகுதி ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, தெரபிஸ்டுகள் அடங்கிய குழுவே வீடு தேடி வந்து பயிற்சி தரும் முறையில் பலன் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். தெரபிஸ்டுக்குத் துணையாகக் குடும்பம் நின்றால் நோயாளி எழுகிறார். தெரபிஸ்டின் இடத்தில் குடும்பத்தை நிறுத்தினால் நோயாளி எழுவதில்லை, குடும்பமும் சாய்கிறது.

வேலூர் சி.எம்.சி. இதை அறுபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. விபத்தில் தானே கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் அங்கே 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. நிபுணர் குழு முன்னே நிற்க, உறவினர் உடன் இருந்து கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். குடும்பத்துக்கு அங்கே இடம் உண்டு. அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவதில்லை.

வளைகுடாவில் குடும்பம் என்பது யார்?

இங்கே பிரச்சினை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயிற்சி கொடுக்கக் குடும்பமே பக்கத்தில் இல்லை. அமீரகத்தில் மனைவி மக்களை ஸ்பான்சர் செய்ய மாதம் 4,000 திர்ஹமாவது, அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். கட்டுமானத்திலும் கிளீனிங்கிலும் டெலிவரியிலும் இருக்கும் பெரும்பாலோருக்கு அது எட்டாது. விசிட் விசா எடுத்து மனைவியை வரவழைக்கலாம் என்றால் பாஸ்போர்ட், டிக்கெட், விசாச் செலவு எல்லாம் சேர்ந்து நிற்கும். எப்படியோ வந்து சேர்ந்தாலும் அவர் எங்கே தங்குவார்? ஆண்கள் கேம்ப்பில் இடமில்லை.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும் நிலைமை எளிதில்லை. கணவர் படுத்துவிட்டால் மனைவியின் சம்பளத்தில்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓட வேண்டும். அமீரகத் தொழிலாளர் சட்டத்தில் மகப்பேறு விடுப்பு உண்டு, நெருங்கிய உறவினர் இறந்தால் துக்க விடுப்பு உண்டு. நோயில் விழுந்த துணைவரையோ பெற்றோரையோ கவனிக்கத் தனி விடுப்பு கிடையாது. எனவே ஆண்டு விடுப்பை எடுத்துத் தீர்க்கிறார்கள். அதற்குப் பிறகு சம்பளமில்லா விடுப்பு, அதற்கும் பிறகு ராஜினாமா.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. வளைகுடா வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருப்பவர்களில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பெண்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு என்று விசா எடுத்து வந்தவர்கள் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். எப்படித் தூக்கினால் தன் முதுகு தப்பும் என்றுகூட அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் பராமரிப்பாளர் பயிற்சி என்று ஒன்று நடந்தால் முதல் நாற்காலியில் அமர வேண்டியவர் அந்தப் பெண்தான்.

தனியாக இருக்கும் தொழிலாளிக்குக் குடும்பம் என்பது ரூம் ஆட்கள்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதும், ஊருக்குத் தகவல் சொல்வதும், வார்டில் மாறி மாறி உட்காருவதும் அவர்களே. மேல் கட்டில்காரர் லுங்கி மாற்றிவிடுகிறார், எதிர்க் கட்டில்காரர் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறார். பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து வந்து இதைச் செய்பவர்களை என்ன சொல்லிப் பாராட்டுவது! ஆனால் மருத்துவமனைக் கோப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. உறவினரிடம்தான் விவரம் சொல்வோம் என்பார்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் விதி அது, குறை சொல்ல முடியாது. நோயாளியின் சம்மதத்தோடோ, ஊரிலிருக்கும் மனைவியின் எழுத்துமூல அனுமதியோடோ ஒரு அறைத் தோழரைப் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொள்ள மருத்துவமனைகள் முன்வரலாம். அதற்குப் புதுச் சட்டம் ஏதும் தேவைப்படாது.

தொண்ணூறு நாள் கணக்கு

அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் நோய் விடுப்பு தருகிறது. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளம் இல்லை. அதற்குப் பிறகும் வேலைக்கு வர முடியாவிட்டால் கம்பெனி அவரைக் கணக்கு முடித்து அனுப்பலாம். கத்தாரில் இரண்டு வாரம் முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரம் பாதிச் சம்பளம். சவூதியில் 30 நாள் முழுச் சம்பளம், 60 நாள் முக்கால் சம்பளம், 30 நாள் சம்பளமில்லாமல் என 120 நாள்.

உடல் வேகமாகத் தேறும் காலம் முதல் மூன்று மாதம் என்று மேலே பார்த்தோம். அமீரகத்தின் நோய் விடுப்பும் மூன்று மாதம்தான். அதாவது பயிற்சிக்குப் பணம் அதிகம் தேவைப்படும் அதே நாட்களில்தான் சம்பளம் பாதியாகி, பிறகு நின்றும்போகிறது. நடைமுறையில் 90 நாள் வரை யாரும் காத்திருப்பதுமில்லை. மூன்றாவது நான்காவது வாரத்திலேயே "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு வந்துவிடும். சில கம்பெனிகள் நல்லெண்ணத்தோடு சொல்கின்றன, சில கைகழுவிவிடச் சொல்கின்றன. இரண்டிலும் முடிவு ஒன்றே: விசா கேன்சல், ஒரு வழி டிக்கெட். பொதுவாக விசாவோடு காப்பீடும் முடிந்துவிடுகிறது.

ஊருக்குப் போவது தவறு என்று சொல்லவில்லை. பலருக்கு அதுதான் நல்லது. மனைவியின் கைச் சோறும் தாய்மொழியும் சொந்த வீடும் எந்த மருந்துக்கும் குறைந்தவை இல்லை. இங்கே நடந்த சிகிச்சைக்கும் அங்கே தொடங்க வேண்டிய பயிற்சிக்கும் நடுவில் பாலம் எதுவும் இல்லை என்பதே என் கவலை. திருச்சியிலோ மதுரையிலோ கொழும்பிலோ சக்கர நாற்காலியில் இறங்குபவரின் மடியில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும், பத்து வகை மாத்திரை இருக்கும். அவரை எப்படித் தூக்க வேண்டும், எதை விழுங்க முடியும், எந்தப் பயிற்சி எந்த அளவில் நின்றிருக்கிறது என்று வரவேற்க வந்த குடும்பத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் பத்து நாள் உறவினர் கூட்டம், ஆளுக்கொரு யோசனை, ஒரு எண்ணெய், புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்ற பேச்சு. பொன்னான வாரங்கள் அப்படியே கழிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேச்சும் புரிதலும் பாதிக்கப்பட்டிருக்கும் நிலையில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கைநாட்டு வாங்கப்படுவதைக் குடும்பங்கள் அனுமதிக்கக் கூடாது. அமீரகத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. எஞ்சிய விடுப்புக்கும் பணம் உண்டு. பிசியோதெரபிக்குச் செலவழிக்கக் குடும்பத்திடம் இருக்கும் ஒரே பணம் பெரும்பாலும் அதுதான்.

இரண்டு பேருக்குப் பயிற்சி

தனியாக இருக்கும் நோயாளிக்கு இங்கே ஒருவர், ஊரில் ஒருவர் என இரண்டு பேரைத் தயார் செய்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி. டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் ஒதுக்கினால் போதும். அறைத் தோழர் நேரில் நிற்கட்டும், ஊரிலிருக்கும் மனைவியோ மகனோ போட்டிம் போன்ற செயலியில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மருத்துவமனைக்குள் அனுமதியின்றிப் படம் எடுப்பது இங்கே குற்றமாகலாம். எனவே வார்டில் முறையாகக் கேட்டுவிட்டே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு ஊரிலிருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் பயன்படும். கைபேசி வழியே குடும்பத்துக்குப் பயிற்சி காட்டும் 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' என்ற முயற்சி சென்னையில் உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது கற்பனை இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

விழுங்குதல். விழுங்கும் சோதனை செய்து டாக்டர் சொல்லும்வரை ஒரு கரண்டித் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. இருமலே வராமல் நீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பாசத்தில் படுக்க வைத்தபடியே ஊட்டும் இளநீர் உயிருக்கே ஆபத்தாக முடியும். நிமிர்ந்து உட்கார வைத்து, சொன்ன பதத்தில், சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

தோள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது. தோள் மூட்டு இறங்கி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கிற கைக்குப் பயிற்சியே கொடுக்க முடியாது.

தோல். தானே புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, பின்புறம் தினமும் பார்க்க வேண்டும்.

பேச்சு. பேச வராததால் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வார்டில் ஆங்கிலத்திலும் அரபியிலும் கேட்டதற்குப் பதில் சொல்லாதவர் தமிழில் கேட்டால் தலையாட்டலாம். தமிழ் தெரிந்த நர்ஸோ தோழரோ உடன் இருக்கும்போது பேச்சுச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து. இங்கே வாங்கும் மாத்திரையின் கம்பெனிப் பெயர் ஊர் மருந்துக்கடையில் இருக்காது. மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதி வாங்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை "இப்போது சரியாகிவிட்டதே" என்று நிறுத்துவது இரண்டாவது அடிக்கு வழி.

மனம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சம்பாதித்துக் கொடுத்த கை இப்போது பிறர் கையை எதிர்பார்க்கிறது என்ற வேதனை நம் ஆண்களை மௌனமாக்கும். பயிற்சிக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று திட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். ஒரு இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிட அரை மணி ஆனாலும் ஆகட்டும், அதுவும் பயிற்சிதான். அன்பின் பேரில் நாம் ஊட்டிவிடும் ஒவ்வொரு கவளமும் அந்தக் கைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வாய்ப்பைப் பறிக்கிறது.

ஊரில் என்ன இருக்கிறது?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பதாகத்தான் பலருக்கு இந்தத் திட்டம் தெரியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் இதில் உண்டு. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. தெரபிஸ்ட் தினமும் வரும் ஏற்பாடு அல்ல இது. ஆனால் அவர் வந்து காட்டிவிட்டுப் போவதைக் குடும்பம் தினமும் செய்தால், ஆய்வுகள் சொல்லும் அந்தச் சேர்க்கை ஊரிலேயே கிடைத்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். நோயாளி வந்து இறங்கிய பிறகு கொடுப்பதைவிட, டிக்கெட் போட்ட அன்றே கொடுப்பது நல்லது.

40 சதவீதத்துக்கு மேல் ஊனம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்று அதன் சலுகைகளைக் கோரலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உண்டு. வெளிநாட்டில் இருந்தவர் என்பதால் குடும்பம் இவற்றில் பதிவே செய்யாமல் விட்டிருக்கும். இலங்கையில் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்றாலும் பிசியோதெரபிக்காக நகரத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இதில் எல்லாச் சுமையும் யார் தோளில் இறங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்பதற்குப் பெரும்பாலும் "மனைவி பார்த்துக்கொள்வார்" என்றே பொருள். கணவர் அனுப்பிய பணத்தில் வீட்டை நடத்திய பெண், ஒரே வாரத்தில் சம்பாதிப்பவராகவும் நர்ஸாகவும் கடன்காரருக்குப் பதில் சொல்பவராகவும் ஆகிறார். வாரத்தில் இரண்டு அரை நாளாவது மைத்துனரோ மகனோ அந்த இடத்தில் நின்றால்தான் அவரும் தாக்குப்பிடிப்பார்.

கேட்க வேண்டிய இடங்களில் கேட்போம்

காப்பீட்டு விதிகளை வகுப்போரிடம்: பக்கவாதத்துக்கு மட்டும் பிசியோதெரபி வரம்பைத் தனியாக உயர்த்த வேண்டும். பராமரிப்பாளருக்கான பயிற்சியையும் ஒரு அமர்வாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பெனிகளிடம்: விசாவை ரத்து செய்யும் முன் தெரபிஸ்டின் அறிக்கை, ஸ்கேன் நகல், மருந்துப் பட்டியல், பணிக்கொடைக் கணக்கு ஆகியவை குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டும்.

இந்தியத் தூதரகங்களிடம்: 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி அவசரச் சிகிச்சைக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் உதவுகிறது. தகுதியுள்ளவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகு முதல் மூன்று மாதப் பயிற்சிக்கும் அதிலிருந்து ஒரு பங்கு கிடைக்க வழி செய்யலாம்.

தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடம்: விமான நிலையத்தில் இறங்கும் நோயாளியின் விவரம் அவரது வட்டாரத்தின் மக்களைத் தேடி மருத்துவக் குழுவுக்கு அன்றே போய்ச் சேரும்படி இணைப்பு ஏற்படுத்த வேண்டும். இரண்டும் ஒரே அரசின் துறைகள்தான்.

நம் சங்கங்களிடம்: பொங்கல் விழாவும் இஃப்தாரும் இரத்ததான முகாமும் நாம் சிறப்பாக நடத்துகிறோம். வளைகுடாவில் தமிழ் பேசும் பிசியோதெரபிஸ்டுகளும் நர்ஸுகளும் கணிசமாக இருக்கிறார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அவர்களை வைத்து அறைத் தோழர்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இரண்டு மணி நேர வகுப்பு நடத்துவது நம் சக்திக்கு உட்பட்டதே. ஊர் திரும்பும் நோயாளிக்கு மேலே சொன்ன தாள்களைச் சேகரித்துக் கொடுக்கவும், ஊரில் ஆளைத் தொடர்பு கொள்ளவும் ஒரு தன்னார்வலர் குழு இருந்தால் அந்தப் பாலத்தின் முதல் தூண் எழுந்துவிடும்.

வாசகர்கள் உடனே செய்யக் கூடியவையும் உண்டு. உங்கள் ரூமில் இருக்கும் ஒவ்வொருவரின் வீட்டு நம்பரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாற்பது தாண்டியவர்கள் பிரஷர் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ படுத்துத் தூங்கச் சொல்லாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அமீரகத்தில் 998, சவூதியில் 997. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அந்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், இந்தக் கட்டுரையில் பேசிய பாதி விஷயங்கள் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படாமலே போகலாம்.